லிட்டருக்கு 3 ரூபாய்: கடலோரத்து மாட்டுக்காரர்களுக்கு ஏன் இல்லை?

உப்பூர்க்காரன்

கேள்வியை நேராகவே வைக்கிறேன். 2023 டிசம்பர் 18 முதல் ஆவினுக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை என்று அரசு அறிவித்தது. பசும்பால் 35 ரூபாயிலிருந்து 38 ஆனது, எருமைப்பால் 44-லிருந்து 47. அறிவித்ததில் எனக்குக் குறை இல்லை. ஆனால் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே கடலை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் அந்த 3 ரூபாய் எத்தனை தொழுவங்களுக்கு வந்து சேர்ந்தது என்று யாராவது சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் பால் சங்கம் கிடையாது. பால் வண்டியும் உள்ளே வருவதில்லை. மாடு வைத்திருக்கிறவர்கள் டீக்கடைக்கும் நாலு வீட்டுக்கும் ஊற்றிப் பிழைக்கிறோம். என் மைத்துனர் திருவாடானைப் பக்கம். அவரிடமும் கலப்பின மாடுதான், என்னிடமும் அதுவேதான். அவர் சங்கத்தில் ஊற்றுகிறார், ஊக்கத்தொகை அவர் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. இத்தனைக்கும் அவருடைய வயலில் வைக்கோல் உண்டு, கண்மாய்க் கரையில் பச்சைப்புல் உண்டு. எனக்கோ கிணற்றில் உவர்த் தண்ணீர். வைக்கோலை அவர் ஊரிலிருந்துதான் வண்டி வாடகை கொடுத்து ஏற்றி வருகிறேன். தீவனச் செலவு கூடுதலாக உள்ளவனுக்கு ஒன்றும் இல்லை, குறைவாக உள்ளவருக்கு ஊக்கம். எந்தக் கணக்கில் இது நியாயம்?

அரசுப் பணம் மாட்டைத் தேடி வருவதாகத் தெரியவில்லை. சங்க அட்டை, பட்டா, கடன் கோப்பு என்று காகிதம் எங்கே இருக்கிறதோ அங்கே போகிறது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

திருவாடானை வயல்

மறுக்கத்தான் வந்தேன், தம்பி. நான் பால் சங்கச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன்.

டீக்கடைக்காரர் லிட்டருக்கு 50 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது 35 ரூபாய்க்கு ஊற்றச் சங்கம் இல்லையே என்று நீங்கள் ஒருநாளாவது வருந்தினீர்களா? ஊக்கத்தொகை என்றதும் சங்கம் நினைவுக்கு வருகிறது. சங்கத்தில் ஊற்றுகிறவன் மழையிலும் வெயிலிலும், விலை ஏறினாலும் இறங்கினாலும், காலையும் மாலையும் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். நகரத்துப் பிள்ளைகளுக்குப் போகும் பால் அது. அந்தப் பால் வெளியாருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த 3 ரூபாய். 2023 மே மாதம் குஜராத் கூட்டுறவான அமுல் தமிழ்நாட்டில் கொள்முதலுக்கு இறங்கியபோது முதலமைச்சர் மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதியதை மறந்துவிட்டீர்களா? ஊக்கத்தொகையை ஏழைக்கு உதவி என்று படிக்காதீர்கள். கூட்டுறவுக்கு ஊற்றும் கையை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

இன்னொன்று. சங்கத்தை அரசு கொண்டுவந்து உங்கள் தெருவில் இறக்கி வைக்காது. 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த 25 பேர் சேர வேண்டும். அதற்கு மேல் பால் கணக்கு. கறந்த சில மணி நேரத்தில் பால் குளிரூட்டிக்குப் போய் 4 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் திரிந்துவிடும். வண்டி ஒரு பாதையில் ஓட வேண்டுமானால் டீசலுக்குக் கட்டுப்படியாகிற அளவு பால் அந்தப் பாதையில் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் மொத்தம் எத்தனை லிட்டர் கறக்கிறது? அதைச் சொல்லாமல் நியாயம் கேட்டால் எப்படி?

38 ரூபாய் என்பதும் கொழுப்பும் இதரச் சத்தும் அளவில் நின்றால்தான். வெறும் வைக்கோலைத் தின்கிற மாட்டின் பாலை இயந்திரத்தில் ஊற்றிப் பாருங்கள், விலை எங்கே வந்து நிற்கிறது என்று தெரியும்.

தங்கச்சிமடம் டீ மாஸ்டர்

செயலர் ஐயாவுக்கு வணக்கம். 50 ரூபாய் கொடுக்கும் கொடியவன் நான்தான். தண்ணீர் கலக்காத பாலுக்கு அந்த விலை கொடுக்கலாம் என்பது என் கட்சி. பாக்கெட் பாலில் போட்ட டீயையும் கறந்த பாலில் போட்ட டீயையும் பக்கத்தில் வைத்தால் படகுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்.

ஆனால் ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். நான் ஆண்டு முழுவதும் ஒரே அளவு வாங்குவதில்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேசுவரம் நிரம்பி வழியும்போது பாலுக்கு அலைவேன். ஏப்ரல் 15 ஆனதும் என் அடுப்பு பாதிதான் எரியும்.

பனைமரத்து வீடு

டீ மாஸ்டர் அண்ணன் கடைசியில் போகிறபோக்கில் சொன்னதுதான் முக்கியமான விஷயம். யாரும் பேசாததால் நான் பேசுகிறேன். பெரியபட்டினம் பக்கம் எங்கள் வீடு. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறார், மாட்டைப் பார்ப்பது நானும் என் மாமியாரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. துறைமுகத்தில் ஆள் இல்லை, ஐஸ் வண்டி இல்லை, ஏலம் இல்லை. ஆகவே டீக்கடையில் கூட்டமும் இல்லை. டீக்கடை பாலைப் பாதியாகக் குறைத்துவிடும். வீடுகளில் வாங்குகிறவர்களும் கையில் காசு இல்லாமல் ஒரு லிட்டரை அரை லிட்டர் ஆக்குவார்கள், அதையும் கடனுக்கு. மாடு மட்டும் குறைத்துக்கொள்ளாது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும், அதுவும் நல்ல தண்ணீர். எங்களுக்கே குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில்தான் குடம் நிறைகிறது. தை மாசியில் அறுப்பு முடிந்தபோது மலிவாகக் கிடைத்த வைக்கோல் சித்திரை வைகாசியில் ஏறிப் போயிருக்கும். விற்பனை குறைவதும் செலவு ஏறுவதும் எங்களுக்கு ஒரே இரண்டு மாதத்தில் வந்து விழுகின்றன.

இந்த நேரத்தில்தான் மாட்டுத் தரகர் வீட்டுக்கு வருவார். தெரிந்துதான் வருவார். பால் கறக்கிற மாட்டைப் பாதி விலைக்குக் கேட்பார். ஐப்பசியில் மழை பெய்து புல் முளைத்த பிறகு அதே தரத்து மாட்டை வாங்கப் போனால் இரண்டு பங்கு விலை. எங்கள் தெருவில் கறவை மாடுகள் குறைந்ததற்கு நோய் காரணமில்லை, இந்த இரண்டு மாதம்தான் காரணம்.

கடலுக்குப் போகாததற்குத் தடைக்கால நிவாரணம் உண்டு. 8,000 ரூபாய் வரும்போது அதில் ஒரு பகுதி வைக்கோலுக்குத்தான் போகிறது. மீனவர் குடும்பமாக இல்லாத மாட்டுக்காரருக்கு அதுவும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா அப்படித்தான். அவருக்குக் கடலும் இல்லை, வயலும் இல்லை. இரண்டு மாடு மட்டும்.

பாம்பன் வள்ளம்

தங்கை சொன்னதை இன்னொரு பக்கமிருந்து பார்க்கிறேன். எங்களுக்கு வரும் அரசுப் பணத்தில் இரண்டு ரகம் இருக்கிறது. முதலாவது, வரிவிலக்கு டீசல். அது லிட்டர் கணக்கு. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்ததை 19,000 ஆகவும், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டரை 4,400 ஆகவும் உயர்த்தி அறிவித்தார்கள். படகு பெரிதானால் மானியமும் பெரிது. படகில்லாமல் கூலிக்குப் போகிறவனுக்கு அதில் நேரடியாக ஒன்றும் இல்லை.

இரண்டாவது, தடைக்கால நிவாரணம். அது குடும்பக் கணக்கு. அதே மாநாட்டில்தான் 5,000 ரூபாயை 8,000 ஆக்கினார்கள். படகு முதலாளி வீட்டுக்கும் கூலி மீனவர் வீட்டுக்கும் ஒரே தொகை. அதைப் பிடித்த மீனுக்குக் கிலோ கணக்கில் கொடுத்திருந்தால் எங்கே போயிருக்கும் என்று யோசியுங்கள்.

பாலுக்குக் கொடுக்கும் 3 ரூபாய் டீசல் ரகம். உப்பூர்க்காரர் கேட்பது நிவாரண ரகம். இரண்டும் வேறு வேறு. செயலர் ஐயாவும் தம்பியும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பணத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

திருவாடானை வயல்

வள்ளத்துக்காரர் பிரித்துக் காட்டியது சரி. ஆனால் மாட்டுக்கு நிவாரணம் என்று குடும்பக் கணக்கில் கொடுத்தால் மறுநாளே மாடில்லாத வீட்டிலெல்லாம் மாடு முளைக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற பேனா

முன்னாள் வங்கி ஊழியன். மாட்டுக் கடன் கோப்புகளைப் புரட்டியே கண் மங்கியவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலோர ஊர்களில் மானியம் என்றால் கையில் வாங்கும் ரொக்கம் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2010-இல் நபார்டு என்ற வேளாண் வளர்ச்சி வங்கி வழியாகப் பால்பண்ணைத் தொழில்முனைவோர் திட்டம் ஒன்று வந்தது. பொதுப் பிரிவினருக்குத் திட்ட மதிப்பில் 25 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 33.33 சதவீதம் மானியம். அறிவிப்பைப் பார்த்துவிட்டு நூற்றுக்குப் பத்துப் பேராவது, “மானியத்தை மட்டும் கொடுங்கள் சார், கடன் வேண்டாம்” என்று என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

அது எப்படி வேலை செய்தது என்றால், முதலில் வங்கி முழுக் கடனையும் கொடுக்கும். நபார்டிலிருந்து வரும் மானியம் விவசாயியின் கைக்கு வராது. வங்கியில் தனிக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பங்குக்கு வட்டி போட மாட்டார்கள். தவணையை ஒழுங்காகக் கட்டி வந்தால் கடைசியில் மிச்சமிருக்கும் கடனை அந்தத் தொகை தின்று தீர்க்கும். நடுவில் மாட்டை விற்றுவிட்டாலோ கடன் கெட்டுப்போனாலோ மானியம் வந்த வழியே திரும்பிவிடும். அதாவது, முழுத் தொகைக்குக் கடன் வாங்கும் தகுதி இருந்தவருக்கு மட்டுமே அந்த மானியம் எட்டியது. பட்டா நிலம், ஜாமீன், முன்பே வங்கியோடு பழக்கம் ஆகிய மூன்றும் கடற்கரைப் புறம்போக்கில் குடியிருக்கிறவர்களிடம் ஏது? பனைமரத்து வீட்டம்மா சொன்ன வைகாசி மாதத்து நெருக்கடியில் மாட்டை விற்றால் மானியமும் போயிற்று. மேட்டில் இருக்கிறவனுக்கே ஏணி போட்ட கதை. அந்தத் திட்டம் இப்போது நடைமுறையில் இல்லை.

இப்போது பேசப்படும் தேசியக் கால்நடை இயக்கத்தில் 50 சதவீத மூலதன மானியம் உண்டு. கேட்க இனிக்கும். ஆனால் அது ஆடு, கோழி, பன்றி, தீவன உற்பத்தி போன்றவற்றுக்கு, கறவை மாட்டுப் பண்ணைக்கு இல்லை. ஆட்டுப் பண்ணையிலும் சிறிய அளவே 100 பெட்டையும் 5 கிடாவும்.

உங்களுக்கு உண்மையில் பயன்படக்கூடியது கிசான் கடன் அட்டை. 2019 முதல் மாடு வளர்ப்பவர்களுக்கும் மீனவர்களுக்கும் அது உண்டு. நிலம் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தீவனச் செலவுக்கான நடைமுறை மூலதனம் என்று கேட்க வேண்டும். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் திரும்பக் கிடைக்கும். மேலாளர் முகத்தைச் சுளித்தால் அஞ்ச வேண்டாம். மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு கேளுங்கள்.

பனைமரத்து வீடு

100 பெட்டையா! 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் என் அம்மாவுக்கு 4 ஆடு கிடைத்தது. அந்த வம்சம் இன்னும் சீமைக் கருவேலங்காயைத் தின்றுகொண்டு எங்கள் கொல்லையில் நிற்கிறது. நான்கு ஆடு கொடுத்த திட்டம் எங்கள் தெருவரை வந்தது. பாதிப் பணம் தருகிற திட்டம் தார்ச்சாலையிலேயே நின்றுவிட்டது.

மேடிசன் வாசி

சொந்த ஊர் பரமக்குடி, இப்போது அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருக்கிறேன். நான் மாட்டுக்காரன் இல்லை, ஆனால் சுற்றிலும் பால்பண்ணைகள் என்பதால் இங்கே நடப்பதைச் சொல்கிறேன். உப்பூர் அண்ணன் கேட்ட தீவனக் கேள்விக்கு இங்கே ஒரு விடை வைத்திருக்கிறார்கள்.

2018 வேளாண் சட்டத்தில் ‘டெய்ரி மார்ஜின் கவரேஜ்’ என்று ஒரு திட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான சராசரிப் பால் விலையை எடுத்துக்கொள்வார்கள். அதிலிருந்து மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, குதிரைமசால் வைக்கோல் ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்ட தீவனச் செலவைக் கழிப்பார்கள். மிஞ்சுவது, பண்ணைக்காரர் முன்பே தேர்ந்துகொண்ட அளவுக்குக் கீழே போனால் அந்த வித்தியாசத்தை அரசு கொடுக்கும். சிறு பண்ணைகளுக்கு மிக உயர்ந்த அளவு 100 பவுண்டு பாலுக்கு 9.50 டாலர். 100 பவுண்டு என்றால் ஏறத்தாழ 44 லிட்டர். சும்மா கிடைப்பதில்லை. அந்த அளவுக்கு 100 பவுண்டுக்கு 15 சென்ட் பிரீமியம், ஆண்டுக்கு 100 டாலர் பதிவுக் கட்டணம். 2023 ஜூலையில் பால் விலை விழுந்து தீவனம் ஏறிக் கிடந்ததால் மிச்சம் 3.52 டாலருக்கு இறங்கியது. அந்த ஆண்டில் மட்டும் 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள்.

பால் அதிகம் கறந்தாய், இந்தா என்று கொடுப்பதில்லை. தீவனத்துக்கும் பாலுக்கும் நடுவில் நசுங்கும்போதுதான் பணம் வரும். பனைமரத்து வீட்டு அக்கா சொன்ன சித்திரை, வைகாசிக்கு இந்தக் கணக்குப் பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. யாருக்கு எவ்வளவு போயிற்று என்பது இங்கே மூடுமந்திரம் இல்லை. என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பு 1995 முதலான விவசாய மானியக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டப்படி வாங்கி, மாவட்டம் மாவட்டமாக வெளியிட்டு வைத்திருக்கிறது.

உப்பூர்க்காரன்

இதைத்தான் கேட்கிறேன்! தீவன விலை ஏறும்போது கொடுங்கள், லிட்டர் கணக்கு வேண்டாம்.

திருவாடானை வயல்

பரமக்குடித் தம்பி, அந்த ‘சிறு பண்ணை’ என்பது எத்தனை மாடு?

மேடிசன் வாசி

நல்ல கேள்வி, ஐயா. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முதல் அடுக்கு என்று அவர்கள் வைத்தது ஆண்டுக்கு 50 லட்சம் பவுண்டு பால். இங்கே ஒரு மாடு ஆண்டுக்குச் சுமார் 24,000 பவுண்டு கறக்கும். ஆக ஏறத்தாழ 200 மாடு. 2025-இல் அதை 60 லட்சம் பவுண்டாக ஆக்கிவிட்டார்கள்.

அத்தனை மானியத்துக்குப் பிறகும் சிறிய பண்ணைகள் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விஸ்கான்சினில் 2004-இல் 15,000-க்கு மேல் இருந்த பால்பண்ணைகள் 2024-இல் 6,000-க்கும் கீழே. ஆனால் மொத்தப் பால் குறையவில்லை, கூடியிருக்கிறது. சிறியவர்கள் மூடினார்கள், பெரியவர்கள் மாடுகளைச் சேர்த்தார்கள். எங்கள் சாலையில் காலியாக நிற்கும் தொழுவங்களை எண்ண ஆரம்பித்தால் மனம் கெட்டுப்போகும்.

திருவாடானை வயல்

பாருங்கள். கணக்குச் சூத்திரம் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் லிட்டரில் கட்டிய பணம் கடைசியில் அதிகம் கறப்பவனிடம்தான் போய்ச் சேருகிறது. இதை நான் சொன்னால் என் 3 ரூபாய்க்கு எதிராகவே பேசுவதாக ஆகும். இருந்தாலும் உண்மை அதுதான்.

ஆனால் நம் சங்கத்தில் 200 மாட்டுக்காரன் எவனும் இல்லை. ஒரு மாடு, இரண்டு மாடு, மிஞ்சினால் ஐந்து. நாளுக்கு 10 லிட்டர் ஊற்றும் வீட்டுக்கு மாதம் 900 ரூபாய் கூடுதலாக வருகிறது. அதை லேசாக எண்ணாதீர்கள். அந்த 900 பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போகிறது. அமெரிக்கக் கணக்கை இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. மக்காச்சோளத்துக்கு அங்கே சந்தை விலை நாள்தோறும் வருகிறது. நம் ஊரில் ஒரு கட்டு வைக்கோல் என்ன விலை என்று எந்த அரசுப் பதிவேட்டில் இருக்கிறது? விலைப் பதிவே இல்லாத சரக்கை வைத்து எப்படிச் சூத்திரம் போடுவீர்கள்?

பனைமரத்து வீடு

சூத்திரம் எதற்கு, ஐயா? பணமாகவே வேண்டாம். வைக்கோலாகக் கொடுங்கள். 2017 வறட்சியில் உலர்தீவனக் கிடங்கு திறந்து கிலோ 2 ரூபாய்க்குக் கொடுத்தார்கள் அல்லவா? அதையே ஆண்டுதோறும், வறட்சி அறிவிப்புக்குக் காத்திராமல், தடைக்காலத்தில் மட்டும் மண்டபத்திலும் திருப்புல்லாணியிலும் சாயல்குடியிலும் திறந்தால் போதும். திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து வைக்கோலைத் தை மாதத்திலேயே வாங்கி அடைந்து வைக்கலாம். ஐயா ஊர்க்காரர்களுக்கும் விற்பனை ஆகும்.

வைக்கோலை யாரும் குடித்துவிட முடியாது, அடகு வைக்கவும் முடியாது. மாடில்லாதவன் வாங்கி என்ன செய்வான்?

பாம்பன் வள்ளம்

மறுபடி விற்பான். 😄

பனைமரத்து வீடு

விற்கட்டும் அண்ணே. யாருக்கு விற்பான்? மாட்டுக்காரனுக்குத்தானே.

ஓய்வுபெற்ற பேனா

அம்மா சொல்வதை ஆமோதிக்கிறேன். மாடு முளைக்கும் என்று செயலர் அஞ்சியதற்கும் இப்போது ஓரளவு வழி இருக்கிறது. காதில் போடும் வில்லையின் 12 இலக்க எண்ணோடு மாடு, உரிமையாளர் விவரங்கள் பதிவாகின்றன. அந்த எண்ணைக் கொண்டுவந்தால்தான் தீவனம் என்று வைக்கலாம். வில்லை இருந்தால் காப்பீட்டுக்கும் ஆகும். இப்போது விதிப்படி பிரீமியத்தில் வளர்ப்பவரின் பங்கு 15 சதவீதம்தான். மீதி அரசு.

உப்பூர்க்காரன்

வில்லை மாட்டுகிறோம் என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் போய்விடுகிறார்கள். வரி போடப் போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பசுந்தீவனம் போடு, கம்பு நேப்பியர் நடு என்று கூட்டத்துக்குக் கூட்டம் அறிவுரை சொல்கிறார்கள். உவர்த் தண்ணீரில் அது எப்படி வளரும்? ராமநாதபுரத்திலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. எங்கள் மண்ணில் எந்தத் தீவனப் பயிர் நிற்கும் என்று அவர்களைக் கேட்டு, அதற்கு விதை மானியம் கொடுத்தால் அது உருப்படியான மானியம். கோயம்புத்தூர் மண்ணுக்கு அச்சடித்த துண்டறிக்கையை எங்களுக்குக் கொடுத்தால் மாடு அதைத்தான் தின்ன வேண்டும்.

சட்டம் படிக்கும் பெண், கீழக்கரை

இரண்டு செய்திகள் மட்டும்.

மேடிசன் அண்ணன் சொன்ன பட்டியல் நமக்கும் உண்டு, கேட்காததால் இல்லாதது போல இருக்கிறது. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4(1)(பி), 12-ஆவது உட்பிரிவைப் பாருங்கள். மானியத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன, எவ்வளவு ஒதுக்கீடு, பயனாளிகள் யார் என்பதை அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும். யாரும் மனுப் போட வேண்டிய அவசியமே இல்லாத கடமை அது.

பட்டியல் வெளியே இருந்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு: 2020-இல் பிரதமர் கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் தகுதியற்ற 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டு 110 கோடி ரூபாய் போனது நினைவிருக்கும். ஊர்ச் சாவடியில் அந்தப் பட்டியலை ஒட்டியிருந்தால், நிலமே இல்லாதவர் பெயரை முதல் நாளே யாராவது சுட்டிக்காட்டியிருப்பார்கள்.

அதே திட்டத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய், பெயரில் நிலம் இருந்தால்தான். குத்தகைக்குப் பயிர் செய்பவருக்கும், நிலமின்றி மாடு மட்டும் வைத்திருப்பவருக்கும் கிடையாது. காகிதத்தைத் தேடிப் பணம் போகிறது என்று உப்பூர் அண்ணன் தொடக்கத்தில் சொன்னதற்குப் பால் ஊக்கத்தொகையைவிட இதுவே நல்ல எடுத்துக்காட்டு என்பது என் எண்ணம். பாலிலாவது மாடு கறந்தாக வேண்டும்.

உப்பூர்க்காரன்

சரி, அடுத்த கிராம சபை அக்டோபர் 2. அதற்கு மனு எழுத உட்கார்ந்திருக்கிறேன். தடைக்காலத்தில் தீவனக் கிடங்கு வேண்டும், கடலோர ஊர்களை இணைத்துப் பால் சேகரிப்புப் பாதை வேண்டும், மானியப் பயனாளிகள் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்று மூன்று கோரிக்கை. வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

திருவாடானை வயல்

பாதை வேண்டும் என்று வெறுமனே எழுதாதீர்கள், தம்பி. அப்படி வருகிற மனுக்கள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுங்கள். காலையில் எத்தனை லிட்டர், மாலையில் எத்தனை, சினையில் நிற்பவை எத்தனை, அடுத்த மாதம் கன்று போடுபவை எத்தனை. உங்கள் ஊரோடு நிறுத்தாமல் அடுத்தடுத்த ஊர்களையும் சேர்த்து ஒரே சாலையில் வரும்படி எழுதுங்கள். தடைக்காலத்தில் டீக்கடை வாங்காமல் விடும் பால் எவ்வளவு என்பதைத் தனியாகக் காட்டுங்கள். அந்த எண் பெரிதாக இருந்தால் பால்வளத் துறைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆனால் இரண்டு மாதம் மட்டும் ஊற்றுகிறோம், மற்ற மாதம் டீக்கடை என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதை இப்போதே ஊரில் பேசி முடித்துவிடுங்கள். கணக்கு எழுதும் முறை வேண்டுமானால் நான் ஒருநாள் வந்து காட்டித்தருகிறேன். பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.

பனைமரத்து வீடு

ஐயா, ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் மாடு என் மாமியார் பெயரில். கறப்பதும் ஊற்றுவதும் நான். உறுப்பினராக யார் பெயரைக் கொடுப்பது?

திருவாடானை வயல்

பால் ஊற்றுகிறவர் பெயரில் போடுங்கள் அம்மா. பில் தொகை உறுப்பினரின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு என்னைத் திட்டப்போகிறார்.

தங்கச்சிமடம் டீ மாஸ்டர்

எல்லாப் பாலையும் வண்டிக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். தை அமாவாசைக்கு எனக்கு 20 லிட்டர் வேண்டும். இப்போதே சொல்லி வைக்கிறேன்.